காலி ஃபோல்டரை மட்டும் நீக்குவது எப்படி?

கேள்வி: விண்டோஸ் இன்ஸ்டாலர் உருவாக்கும் கருவியான என்எஸ்ஐஎஸ்ஸில் இன்ஸ்டாலர் எழுதியிருக்கிறேன். புரோகிராம் ஃபைல்ஸில் எங்கள் நிறுவனப் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் மென்பொருளின் ஃபோல்டர். அன்இன்ஸ்டால் செய்த பிறகும் நிறுவன ஃபோல்டர் காலியாகக் கிடக்கிறது. அதை நீக்க, ஃபோல்டரை அழிக்கும் கட்டளையான ‘ஆர்எம்டிர் ஸ்லாஷ் ஆர்’ போடலாமா? எங்களுடைய இன்னொரு மென்பொருளும் அங்கே இருக்கலாம்.

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். ஸ்லாஷ் ஆர் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காது, அத்தனையையும் அழித்துவிடும். இன்னொரு மென்பொருளும் சேர்ந்தே போகும். மென்பொருளின் சொந்த ஃபோல்டருக்கும் அது ஆபத்துதான். இன்ஸ்டால் செய்பவர் இடம் கேட்கும் பெட்டியில் ‘டி’ டிரைவில் தன் கணக்கு ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டரையே டைப் செய்திருந்தால்? அன்இன்ஸ்டால் அன்று அவருடைய கணக்கெல்லாம் போய்விடும். ரீசைக்கிள் பின்னில்கூடக் கிடைக்காது.

ஸ்லாஷ் ஆர் இல்லாத வெறும் ஆர்எம்டிர் போதும். காலி ஃபோல்டரை நீக்கும். ஒரே ஒரு ஃபைல் இருந்தாலும் தொடாது, பிழை நடந்ததைக் குறிக்கும் எர்ரர் ஃபிளாக் மட்டும் ஏறும், ஸ்கிரிப்ட் நிற்காமல் அடுத்த வரிக்குப் போகும். காலியா என்று நீங்கள் தனியாகச் சோதிக்கவே வேண்டாம்.

வரிசைதான் முக்கியம். முதலில் நீங்கள் வைத்த ஃபைல்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி டெலீட் செய்யுங்கள். மென்பொருள் ஓடும்போது தானே உருவாக்கும் லாக் ஃபைலைப் பலர் மறந்துவிடுவார்கள், ஃபோல்டர் போகாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். அப்புறம் உள் ஃபோல்டர், மென்பொருள் ஃபோல்டர், கடைசியில் நிறுவன ஃபோல்டர் என்று உள்ளிருந்து வெளியே வாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் போகவில்லையா? அன்இன்ஸ்டாலர் எந்த ஃபோல்டரில் நின்று வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் செட்அவுட்பாத் கட்டளை, அன்இன்ஸ்டால் பகுதியில் அதே ஃபோல்டரைக் காட்டுகிறதா பாருங்கள். ஒரு புரோகிராம் தான் நிற்கும் ஃபோல்டரை விண்டோஸ் நீக்க விடாது. நீக்கும் முன் செட்அவுட்பாத்தை டெம்ப் ஃபோல்டருக்கு மாற்றிவிடுங்கள்.

மேல் ஃபோல்டரை நீக்கும் முன் அதன் பெயர் உங்கள் நிறுவனப் பெயர்தானா என்றும் ஒப்பிடுங்கள். பயனர் வேறு இடத்தில் நிறுவியிருந்தால் அது அவர் உருவாக்கிய ஃபோல்டர். காலியாக இருந்தாலும் அதை நீக்க நமக்கு உரிமை இல்லை.

இன்னோ செட்டப் என்ற இன்னொரு இன்ஸ்டாலர் கருவியைப் பயன்படுத்துபவர்கள் அன்இன்ஸ்டால்டெலீட் பகுதியில் ‘டிர்இஃப்எம்ப்டி’ வகையைக் கொடுத்தால் இதே பலன்.

வெளியிடும் முன் நிறுவன ஃபோல்டரில் ஒன்று, மென்பொருள் ஃபோல்டரில் ஒன்று என இரண்டு டெக்ஸ்ட் ஃபைல்களைப் போட்டுவிட்டு அன்இன்ஸ்டால் செய்து பாருங்கள். இரண்டும் அப்படியே இருக்க வேண்டும்.