நெடுநடை கேள்வி பதில்: டிரில் வாத்தியாரிடம் கேளுங்கள்

பாளையங்கோட்டையில் முப்பத்தோர் ஆண்டுகள் பிள்ளைகளை ஓடவிட்டு விசில் ஊதியவன் நான். தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் பாதயாத்திரை இருபத்தாறு முறை போயிருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு, 2022-இல், அமெரிக்காவில் பசிபிக் முகட்டுத் தடம் என்ற நெடுந்தடத்தில் கால்வாசி நடந்தேன். நடையைப் பற்றியும் காலைப் பற்றியும் கேளுங்கள். உடல் எடை குறைய என்ன சாப்பிட வேண்டும் என்று கேட்க வேண்டாம். எனக்கே தெரிந்திருந்தால் இந்தத் தொப்பை இருக்காது.

வள்ளியூர், கல்லூரி மாணவர்: அண்ணாச்சி, அந்தத் தடம் எவ்வளவு தூரம்? நம் ஊர்க்காரர்கள் போக முடியுமா?

தம்பி, மெக்சிகோ எல்லையில் கேம்போ என்ற சிற்றூரில் தொடங்கி, கலிபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன் என மூன்று மாநிலங்களைக் கடந்து கனடா எல்லையில் முடிகிறது. ஏறத்தாழ 4,265 கிலோமீட்டர். முழுவதும் நடப்பவர்களுக்கு ஐந்து மாதம் ஆகும். 1968-இல் சட்டம் போட்டு அதைத் தேசியத் தடமாக அறிவித்தார்கள். முதலில் பாலைவனம், பிறகு பனிமலை, பிறகு காடு. உச்சமான கணவாய் நாலாயிரம் மீட்டருக்குச் சற்று மேலே. தெற்கிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு நாளொன்றுக்கு ஐம்பது அனுமதிச் சீட்டுதான் தருவார்கள், அதனால் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். விசா வாங்க முடிந்தால் யாரும் போகலாம். அறுபது வயதில் நான் போகவில்லையா?

தென்காசி: மொத்தம் எவ்வளவு செலவாகும்?

விமான டிக்கெட்டை மகள் எடுத்தாள், அந்தக் கணக்கு அவளிடம். அனுமதிச் சீட்டுக்குக் கட்டணம் கிடையாது. காலணிதான் காசைத் தின்னும். எண்ணூறு கிலோமீட்டருக்கு ஒரு ஜோடி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அம்பாசமுத்திரம்: பாபநாசத்திலிருந்து காரையார், பாணதீர்த்தம் வழியாகப் பொதிகை என்ற அகத்தியர் மலை உச்சிக்கு நடந்து போக வேண்டும் என்று நீண்ட நாள் ஆசை. எந்த மாதம் போகலாம்?

எந்த மாதமும் போக முடியாது. அந்தக் காலத்தில் இஞ்சிக்குழி வழியாகப் போனவர்களை எனக்குத் தெரியும். என் பெரியப்பா ஒருவர். இப்போது அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் உட்பகுதி. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அதுதான், 1988-இல் வந்தது. இந்தப் பக்கமிருந்து உச்சிக்கு அனுமதி கிடையாது. 1,868 மீட்டர் உயரமுள்ள அந்த மலைக்கு ஆசைப்பட்டால் கேரள வனத்துறை ஆண்டுத் தொடக்கத்தில் போனக்காடு வழியாக அனுமதிக்கும்போது முறையாகப் பதிவு செய்து போங்கள். கண்டிப்பாக நம் பக்கத்திலிருந்துதான் அகத்தியரைப் பார்க்க வேண்டும் என்றால், ஆழ்வார்குறிச்சி வயல்வெளியில் நின்று காலை ஆறு மணிக்குப் பாருங்கள். நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

பாளையங்கோட்டை, செவிலியர்: நடுவழியில் கால் எலும்பில் விரிசல் விட்டது என்று சொல்லியிருந்தீர்கள். எப்படித் தெரிந்தது? எங்களிடம் வருகிறவர்கள் எல்லோரும் சுளுக்கு என்றுதான் சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

அம்மா, நானும் சுளுக்கு என்றுதான் சொன்னேன். ஏப்ரல் நடுவில் கிளம்பினேன். நாள்தோறும் இருபத்தைந்து கிலோமீட்டர் நடந்து, மே கடைசியில் டெஹாச்சபி என்ற ஊரை நெருங்கியிருந்தேன். மலை நெடுகக் காற்றாலைகள். ஆரல்வாய்மொழி கடந்து முப்பந்தலுக்குள் நுழைகிற மாதிரியே இருந்தது; காற்றும் அப்படியேதான் ஆளைத் தள்ளியது. மூன்று நாளாக இடது பாதத்தின் மேல்பக்கம் வலி. முதல் நாள் நடந்து முடித்த பிறகு வலித்தது. இரண்டாம் நாள் நடக்கும்போதே வலித்தது. மூன்றாம் நாள் ராத்திரி படுத்திருக்கும்போது வலித்தது. இந்த வரிசையை எல்லோரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சதை வலி ஓய்வில் அடங்கும். எலும்பு வலி ஓய்விலும் வரும்.

இன்னொன்று, விரலால் அழுத்திப் பார்ப்பது. பரவலாக வலித்தால் பெரும்பாலும் சதை. ஒரு காசு அளவு இடத்தில் மட்டும் உயிர் போனால் மயிரிழை விரிசல் என்று சந்தேகப்பட வேண்டும். என் மாணவர்களுக்கு இதை எத்தனையோ முறை செய்து பார்த்தவன், என் காலுக்கு மட்டும் செய்து பார்க்கவில்லை. பதிலாக மாத்திரை போட்டுக்கொண்டு மேலும் முப்பது கிலோமீட்டர் நடந்தேன். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. தொடக்கத்தில் தெரியாமல் போவது வழக்கம் என்று மருத்துவர் சொன்னார். இரண்டு வாரம் கழித்து எடுத்ததில் தெளிவாகக் கோடு. ஏழு வாரம் உட்கார்ந்தேன். அந்த முப்பது கிலோமீட்டர் நடக்காமல் இருந்திருந்தால் நாலு வாரத்தில் எழுந்திருப்பேன் என்று இன்றும் தோன்றும்.

கடையநல்லூர்: என்ன மாத்திரை போட்டீர்கள்? பாதயாத்திரைக்கு நானும் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். பெயரும் சொல்ல மாட்டேன். அங்கே நடையர்கள் ஒரு வலிமாத்திரையை ‘வைட்டமின்’ என்று கேலியாகச் சொல்லி மிட்டாய் மாதிரித் தின்பார்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அந்த வகை மாத்திரை சிறுநீரகத்தைத் தாக்கும். தவிர, வலி என்பது கால் உங்களிடம் பேசுவது. அதன் வாயைப் பொத்திவிட்டு நடக்காதீர்கள்.

நாங்குநேரி: ஏழு வாரம் எங்கே தங்கினீர்கள்? அமெரிக்காவில் தெரியாதவர் வீட்டில் தங்குவது பயமாக இல்லையா?

மகள் வீடு நாட்டின் மறுகோடியில். விமானத்தில் போயிருக்கலாம், ஆனால் திரும்பி வர மனம் வராது என்று பயந்தேன். அந்தத் தடத்தை ஒட்டிய ஊர்களில் நடையர்களுக்கு உதவுகிறவர்கள் இருக்கிறார்கள். ‘தடத்துத் தேவதைகள்’ என்று பெயர். தண்ணீர் இல்லாத பாலையில் கேன் கேனாகத் தண்ணீர் வைத்துவிட்டுப் போவார்கள். ஊருக்குள் காரில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அப்படி ஒருவர், ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர், மனைவியை இழந்தவர். நான் சாலையோரம் செருப்பைக் கழற்றி உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினார். இரண்டு நாள் என்று போனவன், காலில் பெரிய பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஏழு வாரமும் அங்கேயே இருந்தேன். பணம் நீட்டியபோது கோபித்துக்கொண்டார். ஆகவே சமைத்தேன். டின்னில் அடைத்த தேங்காய்ப்பாலில் சொதி வைத்தேன். நம் ஊரில் மறுவீட்டு விருந்துக்கு வைக்கிற சொதியை அவர் ரொட்டி தோய்த்துச் சாப்பிட்டார். இஞ்சிப் பச்சடியைத் தனியாக, கரண்டியால்.

பயம் இருந்தது. ஆனால் நமக்கு இது புதிதா? திருச்செந்தூர் சாலையில் செய்துங்கநல்லூர் தாண்டியதும் யார் யாரோ கையில் மோரும் பானகமும் திணிக்கிறார்கள். யார் என்று கேட்கிறோமா? பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நட்டது. தலைச்சுமையோடு வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைத்து, மறுபடி ஏற்றிக்கொள்ளும் உயரம். நட்டவருக்கும் சுமை இறக்கியவருக்கும் அறிமுகமே கிடையாது. அந்த லாரி ஓட்டுநரிடம் இதைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

விக்கிரமசிங்கபுரம்: பாபநாசத்திலிருந்து அகத்தியர் மலைக்கு வழிகாட்டி யாராவது கிடைப்பார்களா?

மேலே பாருங்கள். கிடைத்தாலும் போகாதீர்கள்.

சங்கரன்கோவில்: கால் ஆறியபிறகு ஏன் முடிக்கவில்லை?

தீ. ஜூலை நடுவில் வடக்கு கலிபோர்னியாவுக்குப் போய் டன்ஸ்மியூர் பக்கம் மறுபடி தடத்தில் ஏறினேன். மெதுவாக, வலி இல்லாமல், எட்னா என்ற ஊர் வரை. ஜூலை 29 அன்று வடக்கே மெக்கின்னி தீ என்று பின்னால் பெயர் வைத்த காட்டுத் தீ பிடித்தது. இரண்டு மூன்று நாளில் ஐம்பதாயிரம் ஏக்கரைத் தாண்டியது. நாலு பேர் இறந்தார்கள். தடத்தில் இருந்த அறுபது பேர் அளவில் பஸ் வைத்து ஓரிகன் பக்கம் இறக்கினார்கள். எட்னாவில் வானம் செம்மண் நிறமாக இருந்தது. கூடாரத்தின் மேல் சாம்பல் விழுந்தது. வடக்கே தடம் மூடப்பட்டது.

இளைஞர்கள் சிலர், “காவல் இல்லாத பக்கமாக நுழைந்துவிடலாம்” என்று வரைபடத்தை விரித்தார்கள். விசில் இல்லாத குறையாகக் கத்தினேன். தீயணைப்பவர் ஒருவரை உங்களைத் தேட அனுப்பினால், அவர் அணைக்க வேண்டிய தீயை யார் அணைப்பது? மூடிய தடம் மூடியதுதான். 2018 மார்ச் 11 நமக்கு மறந்துவிட்டதா? குரங்கணியில் கொழுக்குமலையிலிருந்து இறங்கிய குழு காய்ந்த புல்லில் தீயிடம் மாட்டிக்கொண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம் வயதினர். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று மாநில அரசு விதிகள் போட்டது. நம் மலையின் கிழக்குச் சரிவு மாசி, பங்குனியில் சருகுக் குவியல். வனத்துறை மலையேற்றப் பாதைகளை அடைக்கும்போது முணுமுணுக்காதீர்கள்.

தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும். மனிதன் மேட்டில் மெதுவாக ஏறுவான். ஆகவே தீக்கு மேலே இருக்காதீர்கள், மேல்நோக்கி ஓடாதீர்கள். பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து கரிந்த இடம், இவற்றில் எது பக்கமோ அங்கே போங்கள். உயரமான காய்ந்த புல் வேண்டவே வேண்டாம்.

திசையன்விளை: பாதயாத்திரையில் கொப்புளம் வந்தால் உடைக்கலாமா?

சிறியதை விட்டுவிடுங்கள். பெரிதாக, நடக்கவே விடாமல் இருந்தால், சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடியுங்கள். மேல்தோலை உரிக்காதீர்கள், அதுதான் இயற்கை கொடுத்த கட்டு. வராமல் தடுக்க, அரை அளவு பெரிய காலணி, காய்ந்த சாக்ஸ், விரலிடுக்கில் வாசலின்.

குரும்பூர், பெரியவர்: முருகனிடம் போகிறவனுக்குக் காலணியா? பச்சை உடுத்திக்கொண்டு ஷூ மாட்டுகிறவர்களைப் பார்க்கவே சகிக்கவில்லை. நான் நாற்பது வருடம் வெறுங்காலோடு நடந்தவன். நீங்கள் பிள்ளைகளைக் கெடுக்கிறீர்கள்.

ஐயா, வணக்கம். நீங்கள் நடக்கத் தொடங்கிய காலத்தில் ஓரமெல்லாம் மண். இப்போது தார். நடுப்பகலில் தார் காற்றைவிட இருபது டிகிரிக்கு மேலும் சுடும். நேர்ந்துகொண்டவர்களைத் தடுக்க நான் யார்? இரவில் நடக்கட்டும் என்பேன்.

ஸ்ரீவைகுண்டம்: மண் ஓரத்திலேயே நடக்கலாமே?

உடைமுள் பார்த்ததில்லையா?

மாணவர், வள்ளியூர் (மறுபடி): சாக்ஸ் மட்டும் போட்டு நடந்தால் வேண்டுதலும் நிற்கும், காலும் தப்பிக்கும் அல்லவா?

அரைமணியில் கிழியும். கிழிந்த ஓரம் உரசி உரசி அங்கேயே கொப்புளம் வரும். இரண்டும் கெட்டான்.

குரும்பூர், பெரியவர்: விரதம் என்றாலே உடம்பை வருத்துவதுதானே?

முருகன் மயிலில் போனவர் ஐயா. நம்மை வெறுங்காலோடு வரச் சொன்னதாக எனக்குச் செய்தி இல்லை.

செவிலியர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சென்ற ஆண்டு தைப்பூசம் முடிந்து நாலாம் நாள் ஒருவர் வந்தார். பாதத்தில் பாட்டில் கண்ணாடி. செய்துங்கநல்லூர் பக்கம் ஏறியிருக்க வேண்டும் என்றார். வலிக்கவே இல்லையாம். அவருக்குச் சர்க்கரை நோய். வலிக்காததுதான் ஆபத்து.

எல்லோரும் இதை இரண்டு முறை படியுங்கள். எத்தனை வருடம் நடந்தோம் என்பது கணக்கில் வராது. சர்க்கரை உள்ளவர் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

முக்கூடல்: இந்தச் செருப்புச் சண்டையை விடுங்கள். பொதிகைக்கு எப்படிப் போவது?

போகாதீர்கள்.

மேலப்பாளையம்: மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்த அம்மா வேளாங்கண்ணிக்கு நடக்க ஆசைப்படுகிறார்கள்.

அறுவை செய்த மருத்துவரிடம் கேளுங்கள். என்னிடம் அல்ல.

களக்காடு: வெயிலில் நிறையத் தண்ணீர் குடித்தும் தலை சுற்றுகிறதே?

அதனால்தான் சுற்றுகிறது. வியர்வையில் உப்பும் போகிறது. வெறும் தண்ணீராகவே குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். மற்றவர்கள் மோரில் உப்புப் போட்டுக் குடியுங்கள்.

குரும்பூர், பெரியவர்: எனக்கும் சர்க்கரை இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக.

ஐயா, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் மயில் கதையெல்லாம் பேசியிருக்க மாட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். செருப்பு இருக்கட்டும். முதலில் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுங்கள். கண்ணை மூடச் சொல்லி ஒரு நைலான் இழையால் பாதத்தில் பல இடங்களைத் தொடுவார்கள். தொட்டது தெரிகிறதா என்று சொல்ல வேண்டும். வலிக்காது, ஐந்து நிமிடம்கூட ஆகாது.

செவிலியர்: தாத்தா, வீட்டில் யாரையாவது தினமும் இராத்திரி உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள்.

குரும்பூர், பெரியவர்: திங்கட்கிழமை மகனோடு போய்க் காட்டுகிறேன். ஆனால் ஒன்று, வாத்தியாரே. தைப்பூசத்துக்கு எங்கள் வீட்டு வாசலில் மோர்ப் பந்தல் போடுவோம். நீங்கள் வராமல் போகக் கூடாது. செருப்பை வெளியே விட்டுவிட்டு வர வேண்டும்.

விட்டுவிட்டு வருகிறேன் ஐயா. மோரில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும்.