சினை நண்டை விட்டால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கம்போடியக் கடலோரத்தின் சமுதாய மீன்வளக் குழுக்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் நண்டு வங்கியை, அதாவது சினை நண்டை வாங்கி வைத்துப் பொரியவிட்டுக் குஞ்சைக் கடலில் விடும் ஏற்பாட்டை, இரண்டே வரியில் கடந்துவிட்டீர்கள். தொண்டிப் பக்கம் மீனவப் பெண்கள் குழுக்களோடு வேலை செய்கிறேன். இங்கும் ஒன்று தொடங்கலாம் என்று பேச்சு ஓடுகிறது. கெப், கம்போட் பகுதிகளில் அதை எப்படிச் செய்கிறார்கள்? சினை நண்டைக் கொடுத்துவிட்டால் அன்றைய வரும்படிக்கு என்ன வழி? திட்டப் பணம் நின்றதும் இவையெல்லாம் ஏன் படுத்துவிடுகின்றன?

செல்வி, தொண்டி

அன்புள்ள செல்வி,

செய்முறையிலிருந்தே வருகிறேன். அதில் கோட்டை விட்டால் மீதியைப் பேசிப் பயனில்லை.

அங்கே பிடிபடும் நீலநண்டு நம் பாக் நீரிணையின் நீலக்கால் நண்டுக்கு மிக நெருங்கிய உறவு. 2010வரை இரண்டையும் ஒரே இனமாகத்தான் எண்ணியிருந்தார்கள். எனவே கீழே சொல்வது பெரும்பாலும் உங்களுக்கும் பொருந்தும்.

முதலில் சினையின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சளும் ஆரஞ்சுமாக இருந்தால் பொரிய ஒரு வாரம்போல ஆகும். பிறகு பழுப்பாகி, கடைசியில் சாம்பல் கலந்த கறுப்பாகும். குஞ்சின் கண் தெரிவதால் வரும் கறுப்பு அது. ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும். வங்கிக்கு எடுக்க வேண்டியது இதையும் நன்கு பழுத்த பழுப்பையும்தான். ஆரஞ்சுச் சினையை வாளியில் வைத்துக் காத்திருந்தால் தாய் சோர்ந்துபோய்த் தானே சினையைக் கிள்ளி உதிர்க்கும், இல்லையென்றால் பூஞ்சை ஏறும். அதை அங்கேயே, படகிலிருந்தே கடலில் விட்டுவிடுவது மேல். வலையில் சிக்கிய நண்டைவிடக் கூட்டில் (நண்டுப் பொறியில்) பிடிபட்ட நண்டு நல்லது. வலையிலிருந்து பிய்த்தெடுக்கும்போது காலும் போகும், சினைக் கொத்தும் கிழியும்.

20 முதல் 30 லிட்டர் வாளி, ஒரு வாளிக்கு ஒரு நண்டு. இரண்டைப் போட்டால் ஒன்றின் சினையை மற்றது தின்னும். கொடுக்குகளில் ரப்பர் வளையம் மாட்டுங்கள். துணியில் வடிகட்டிய கடல்நீர், பம்பின் காற்றைக் குமிழாக விடும் ஒரு காற்றுக்கல், மேலே ஓட்டை போட்ட மூடி. தீனி வேண்டாம், தண்ணீர்தான் கெடும். தினமும் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கை உறிஞ்சி எடுத்துப் புதுநீர் விடுங்கள். உப்பு ஆயிரத்தில் 30 பங்கு அளவில் நிற்க வேண்டும். மின்சாரம் போனால் ஓடுவதற்கு பேட்டரிக் காற்றுப் பம்பு இல்லாமல் தொடங்கவே தொடங்காதீர்கள். ஒரே ராத்திரியில் எல்லா வாளியும் போய்விடும்.

பொரிந்த காலையே தாயை எடுத்துவிடுங்கள். காற்றை ஐந்து நிமிடம் நிறுத்தி ஒரு பக்கம் டார்ச் அடித்தால் உயிருள்ள குஞ்சுகள் தூசிபோல வெளிச்சத்துக்கு ஏறி வரும், செத்தவை அடியில் படியும். அதிலேயே உங்கள் வேலையின் தரம் தெரிந்துவிடும். அன்றே படகில் கொண்டுபோய், கடல்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாளியில் கலந்து, வற்றத்தின்போது, அதாவது கடல்நீர் வடியும்போது விடுங்கள். கரையில் நின்று கொட்டுவது புகைப்படத்துக்கு அழகாக இருக்கும். அலையும் பொடிமீனும் முடித்துவிடும். கம்போட்டில் தென்மேற்குப் பருவத்தில் ஆற்று நன்னீர் கரையோரம் முழுக்கப் பரவும். வாளிக்குப் பதிலாக முகத்துவாரத்தில் மிதவைக் கூண்டு கட்டியவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது அந்த மாதங்களில்தான்.

ஒரு தாயிடமிருந்து பல லட்சம் குஞ்சுகள் வரும். அவற்றில் விரல்விட்டு எண்ணும் அளவுகூட நண்டாக வளர்வதில்லை. ஆகவே 'இத்தனை கோடி குஞ்சு விட்டோம்' என்ற அறிவிப்புப் பலகைக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை. குஞ்சு தங்கி வளரக் கடற்புல் வேண்டும். கம்போடியாவின் மிகப் பெரிய கடற்புல் படுகை கம்போட் கரையோரம்தான் இருக்கிறது. அதை இழுவைமடி (கடலடியை வாரிக்கொண்டு இழுபடும் வலை) உழுதுபோட்டால் வங்கியில் விட்டதெல்லாம் வீண்.

கம்போடியாவில் சட்டத்துக்குக் குறைவில்லை. 2005இன் துணை ஆணைப்படி ஊரார் குழு அமைத்து, மீன்வளத் துறையோடு அதிகபட்சம் மூன்றாண்டு ஒப்பந்தம் போட்டு, புதுப்பித்துக்கொள்ளலாம். 2006இன் மீன்வளச் சட்டம் 20 மீட்டர் ஆழத்துக்கு உட்பட்ட கடலில் இழுவைமடியைத் தடைசெய்கிறது. கெப் தீவுகளைச் சுற்றிய கடல் அந்த ஆழத்தைத் தொடுவதே இல்லை. ஆனால் குழுவுக்கு யாரையும் பிடிக்கவோ மடியைப் பறிக்கவோ அதிகாரம் கிடையாது. அதிகாரியை அழைக்கத்தான் முடியும். அவர் வந்து சேர்வதற்குள் படகு வியட்நாம் எல்லையைத் தாண்டியிருக்கும். அதனால்தான் கெப்பில் கான்கிரீட் அமைப்புகளைக் கடலடியில் இறக்கினார்கள். மடி மாட்டிக் கிழியும் என்ற பயம் ரோந்தைவிட நன்றாக வேலை செய்கிறது. சிப்பியும் மட்டியும் ஒட்டி வளர்வது கூடுதல் லாபம். அடிப்பாகம் அகலமில்லாவிட்டால் சேற்றில் புதையும், எடை குறைந்தால் மடியோடு இழுபட்டுப் போகும்.

இனி வரும்படி. பொரிந்த பின் தாய் நண்டு உயிரோடுதான் இருக்கிறது, விற்கலாம். கொஞ்சம் எடை குறைந்திருக்கும், அவ்வளவே. மீனவர் நாளுக்கு ஒன்றிரண்டு சினை நண்டைச் சந்தாபோலக் கொடுக்கட்டும், விற்ற பணம் பொதுநிதிக்குப் போகட்டும், அவர் பேரில் பாஸ்புக்கில் வரவு வைக்கட்டும். திட்டப் பணத்தில் நண்டுக்கு ரொக்கம் கொடுக்காதீர்கள். எண்ணிக்கைக்காகப் பழுக்காத சினையெல்லாம் வந்து குவியும். ரொக்கம் நின்ற மறுநாள் நண்டும் நிற்கும்.

அந்தப் பொதுநிதி எதற்கு என்பதில்தான் பாதிக் குழுக்கள் தடுமாறுகின்றன. தையல் மெஷின், கோழிக்குஞ்சு என்று போகிறார்கள். அங்கே மீனவரைக் கட்டிவைத்திருப்பது கூடு, கயிறு, பெட்ரோலுக்கு வியாபாரி தரும் முன்பணம். கடன் தீரும்வரை நண்டை அவருக்கே, அவர் சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும். விலையில் அடிவாங்குபவர் சின்ன நண்டையும் விடமாட்டார். வெளியே சிறுகடன் நிறுவனத்துக்குப் போனால் நிலப்பத்திரம் கேட்பார்கள். 2017இல் கம்போடிய மத்திய வங்கி ஆண்டு வட்டியை 18 சதவீதத்துக்குள் கட்டியது. உடனே கட்டணம் என்ற பெயரில் வேறு பக்கம் ஏறிற்று. ஆகவே குழுவின் முதல் கடன் கூடு வாங்கவே போகட்டும், நிபந்தனையோடு: அடிப்பக்க வலைக்கண் இரண்டரை அங்குலம் இருக்க வேண்டும். குட்டி நண்டு தானே நழுவிவிடும். வங்கியில் விடும் லட்சக்கணக்கான குஞ்சைவிட இந்த ஒரு வலைத்துண்டை நான் அதிகம் நம்புகிறேன்.

படுத்துவிடுவதற்குக் காரணம் கேட்டீர்கள். காற்றுப் பம்பும் படகுப் பெட்ரோலும் திட்டத்தின் செலவாகவே இருந்துவிட்டால் திட்டத்தோடு அவையும் போகும். முதல் மாதத்திலிருந்தே நண்டு விற்ற பணத்தில் ஓட வேண்டும். ஓடவில்லையென்றால் வாளியின் எண்ணிக்கையைக் குறையுங்கள். குழுவின் கைக்கு மீறிய காரணமும் உண்டு. கம்போடியாவின் கோகோங் மாகாணத்தில் கண்டல் காட்டைக் காத்துவந்த ஊர்களின் எதிரே ஆண்டுக்கணக்கில் மணல் அள்ளி சிங்கப்பூருக்கு ஏற்றினார்கள். நண்டுப் பாடு (பிடிபடும் அளவு) குறைந்தது என்று ஊரார் கத்தினார்கள். ஏற்றுமதிக்குத் தடை வந்தது 2017இல்தான்.

தொண்டியில் அக்டோபரில் தொடங்காதீர்கள், மழைநீர் உப்பைக் குறைத்துவிடும். பிப்ரவரி சரி. அதற்கு முன்பே பத்துப் பேரிடம் நோட்டைக் கொடுத்து வாரம் ஒரு நாள் எழுதச் சொல்லுங்கள்: தூக்கிய கூடு எத்தனை, மொத்தம் எத்தனை கிலோ, அதில் சினை எத்தனை, குட்டி எத்தனை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். அப்போதும் அதை ஒட்டியும் பாடு ஏறினால் அதை வங்கியின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.