ஷாங்காயில் சிக்கல் வந்தால் முதலில் பேச வேண்டியவர் யார்?

கேள்வி: எங்கள் நிறுவனம் ஷாங்காயில் விற்ற உணவுப் பொருளில் தரக் குறைபாடு தெரியவந்து இரண்டு நாள்கள் ஆகின்றன. அங்குள்ள மேலாளர் அறிக்கை வெளியிடத் தயங்குகிறார். இது அவர்களுடைய பண்பாடா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: பண்பாடும் ஒரு காரணம்தான், ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதற்குத் தேவைக்கு மேல் எடை கொடுக்கிறார்கள் என்பது என் கருத்து. பிறர் முன்னிலையில் தலைகுனிய நேராத மரியாதையைச் சீனர்கள் 'மியன்ட்சு' என்பார்கள். வீட்டு அவமானம் வெளியே போகக் கூடாது என்ற பழமொழியும் அவர்களிடம் உண்டு. எனினும், பேசும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே அதைவிடப் பெரிய கேள்வி.

2020 ஜனவரி 27 அன்று ஊஹான் மேயர் சோ சியன்வாங் அரசுத் தொலைக்காட்சியில், கொரோனா பரவல் பற்றிய தகவல் உரிய நேரத்தில் வெளியாகவில்லை என்று ஒப்புக்கொண்டதோடு, மேலிட அனுமதி கிடைத்த பிறகே நகர நிர்வாகம் எதையும் வெளியிட முடியும் என்றும் கூறினார். இதை வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 2004இல் திருத்தப்பட்ட தொற்றுநோய்ச் சட்டத்தின்படி, நோய்ப் பரவலை அறிவிக்கும் உரிமை மத்திய சுகாதாரத் துறைக்கும் அது அனுமதிக்கும் மாகாணத் துறைகளுக்கும் மட்டுமே இருந்தது. கொரோனா பற்றிச் சக மருத்துவர்களை எச்சரித்த ஊஹான் மருத்துவர் லீ வென்லியாங், பொய்த் தகவல் பரப்பியதாக ஜனவரி 3 அன்று காவல் நிலையத்தில் கண்டிக்கப்பட்டார்; பிப்ரவரி 7 அன்று அதே நோய்க்குப் பலியானார். முந்திப் பேசியவருக்கு நேர்ந்ததைக் கண்ட எவரும் மேலிருந்து சொல் வரட்டும் என்று காத்திருப்பதில் வியப்பில்லை. அந்தக் காத்திருப்புக்கு உயிர்கள் விலையானதையும் மறக்க முடியாது.

தனியார் நிறுவனங்களுக்கு இவ்வளவு இறுக்கம் இல்லை. 2017 ஆகஸ்டில் ஹாய்தீலாவ் உணவகத்தின் இரண்டு பெய்ஜிங் கிளைகளின் சமையலறையில் எலிகள் திரிந்தது செய்தியானதும், நிறுவனம் சில மணி நேரத்திலேயே உண்மையை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. பழியை ஊழியர்கள்மேல் போடாமல் உயர்மட்ட நிர்வாகமே பொறுப்பேற்றதைப் பலர் பாராட்டினார்கள். மேலிருப்பவர் கேட்கும் மன்னிப்பு, கீழிருப்பவரின் மியன்ட்சுவைக் காப்பாற்றுகிறது.

ஆகவே மேலாளரை நெருக்காதீர்கள். தலைமை நிர்வாகியே கையெழுத்திடட்டும். விற்பனையை இன்றே நிறுத்தி, பொருளைத் திரும்பப் பெற்று, உள்ளூர்ச் சந்தை ஒழுங்குமுறை அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்; உணவுப் பாதுகாப்புச் சட்டமும் அதையே கோருகிறது. அதிகாரிகள் இச்செய்தியை வெய்போ என்ற சீனச் சமூக ஊடகத்தில் படித்து அறியும் நிலை வரக் கூடாது. அறிக்கையை முதலிலிருந்தே சீன மொழியில் எழுதச் சொல்லுங்கள். 'இஹான்' என்பது வருத்தத்தை மட்டுமே குறிக்கும். 'தாவ்ச்சியன்' என்பதுதான் மன்னிப்பு. உங்கள் அறிக்கையில் இருக்க வேண்டியது இரண்டாவது சொல்.