“ரோசனை” என்றால் என்ன ரோசனை?

கேள்வி: ஈரோட்டில் மனநல மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து சிறிய கிளினிக் நடத்துகிறோம். எம்.எஸ்ஸி. உளவியல் முடித்த மூன்று பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். ஒரே நோயாளியைப் பார்த்துவிட்டு ஒருவர் மனச்சோர்வு என்கிறார், இன்னொருவர் பதற்றம் என்கிறார், மூன்றாமவர் மனச்சிதைவாக இருக்குமோ என்கிறார். நோய் இலக்கணமெல்லாம் ஒப்பிக்கிறார்கள். இவர்களை எப்படிப் பழக்குவது?

பதில்: ஒப்பிக்கத் தெரிந்தவர்களுக்கு மறுபடியும் வகுப்பு எடுத்துப் பயனில்லை. நோயாளி சொன்னதை எழுதாமல், தாங்கள் புரிந்துகொண்டதை எழுதுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

உங்கள் பக்கத்தில் தினமும் காதில் விழும் பேச்சு: “ஒரே ரோசனையா இருக்குதுங்க.” யோசனை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கேட்டதும் ஒருவர் ‘கவலை’ என்று குறிப்பார், இன்னொருவர் ‘சோர்வு’ என்று குறிப்பார். அடுத்த கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். “என்ன ரோசனைங்க? நடந்து முடிஞ்சதா, இனி நடக்கப் போறதா?” என்று கேட்டுப் பாருங்கள். “மஞ்சள அப்பவே வித்திருக்கோணும், எல்லாம் என்னாலதானுங்க” என்று பழையதிலேயே உழன்றால் மனச்சோர்வின் குற்ற உணர்வைத் தேட வேண்டும். “தறி ஓடுமோ ஓடாதோ, புள்ளைக்கு ஃபீஸ் கட்டோணும்” என்று ஒன்று போனால் ஒன்று வந்தால் பதற்றம். அதையும் பொதுப் பதற்ற நோய் என்று சொல்ல டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூல்) கணக்குப்படி 6 மாதம் ஆகியிருக்க வேண்டும். “கேட்டப் பூட்டுனனா இல்லையான்னே ஓடுது, வேண்டாத நெனப்புன்னும் தெரியுது” என்றால் ஓசிடி (எண்ண, செயல் சுழற்சி நோய்) பக்கம் போக வேண்டும். “ஊரே என்னப் பத்தித்தான் பேசுது” என்றால் பாதையே வேறு, மனச்சிதைவு வகையா என்று பார்க்க வேண்டும்.

ஆகவே முதல் மாதம் நோய்ப் பெயரே எழுத வேண்டாம். நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் நோயாளியின் வாய்ச்சொல், வலப்பக்கம் அதற்கான அறிகுறி, எத்தனை நாளாக, வேலையோ வீடோ எதில் இடிக்கிறது என்று எழுதட்டும். இடப்பக்கம் காலியாக இருந்தால் வலப்பக்கம் எழுதியது செல்லாது.

நாள் கணக்கு அடுத்த வழுக்கு. மனச்சோர்வுக்குக் குறைந்தது 2 வாரம் வேண்டும். “எவ்வளவு நாளா?” என்றால் “கொஞ்ச நாளாவேங்க” என்றுதான் பதில் வரும். “போன அமாவாசைக்கு முன்னாலயா, பின்னாலயா?”, “ரெண்டு சந்தைக்கு முன்னாடி எப்படி இருந்தீங்க?” என்று கேட்டால் தேதி கிடைத்துவிடும். பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வி மனச்சோர்வுத் தாளில் ‘பாதி நாட்களுக்கு மேல்’ என்ற தேர்வும் இப்படித்தான் குழப்பும், “14 நாள்ல எத்தன நாள்?” என்று கேட்டு, வந்த எண்ணை வைத்து மதிப்பெண் போடட்டும். 27-க்கு 10 வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும் என்றுதான் பொருள். நோய் உறுதி என்று பொருளல்ல. திருப்பூர் நைட் ஷிஃப்ட்காரருக்குத் தூக்கக் கேள்வியில் மட்டுமே மதிப்பெண் ஏறியிருக்கலாம். லீவு நாளில் எப்படித் தூங்குகிறார் என்று கேட்காமல் கூட்டக் கூடாது. 9-வது கேள்வியில் பூஜ்யம் தவிர எது வந்தாலும் தாளை ஓரம் வைத்துவிட்டு, தற்கொலை எண்ணம் பற்றி நேராகவே கேட்க வேண்டும். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. தோட்டத்துப் பூச்சிமருந்து வீட்டில் இருக்கிறதா, அதை யார் பொறுப்பில் மாற்றலாம் என்பதும் அதே உட்காரலில் முடிவாக வேண்டும். மருத்துவருக்கும் அன்றே தகவல் போக வேண்டும்.

பெயர் வைக்கும் முன் விலக்க வேண்டியவை: தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை, குடி. எலும்பு முறிவுக்குப் படுக்கையில் சேர்ந்தவர் இரண்டு, மூன்று நாளில் கை நடுங்கி, “சுவத்துல பூச்சி ஊருது” என்றால் புதியவர்கள் மனச்சிதைவு என்று எழுதிவிடுவார்கள். குடி நின்று 48 முதல் 96 மணி நேரத்தில் வரும் குழப்பநிலை (டெலிரியம்) அது, உயிருக்கே ஆபத்து. சனிக்கிழமையிலிருந்து கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னால் வெள்ளியிலோ வியாழனிலோ கவனம் நழுவும். பள்ளிக்கூடம் போகாதவரிடம் 100-லிருந்து 7 கழிக்கச் சொல்வதைவிட இது நியாயமான சோதனை.

மனச்சோர்வு என்று தோன்றினால், ஒரு வாரமாவது தூக்கம் குறைந்தும் களைப்பே இல்லாமல், பேச்சும் செலவும் மீறிப் போன காலம் இருந்ததா என்று வீட்டாரிடமும் விசாரிக்க வேண்டும். இருமுனை நோய்க்காரருக்குச் சோர்வு மருந்து மட்டும் கொடுத்தால் மிகையெழுச்சி (மேனியா) கிளம்பலாம். சாமி வருவதையும் அவசரப்பட்டுக் குறிக்க வேண்டாம். கருப்பராயன் கோயில் நோம்பியில் ஊரே ஏற்றுக்கொண்டு வரும் சாமியாட்டம் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 கணக்கில் நோயாகாது. விருப்பமில்லாமல், வழிபாட்டுக்கு வெளியே வந்து, பிழைப்பைக் கெடுத்தால்தான் அந்தப் பேச்சு.

இரண்டாம் மாதம் முதல் சேர்ந்து பாருங்கள். நோயாளியின் சம்மதத்தோடு ஒருவர் கேட்க, மற்றவர்கள் வாய் திறக்காமல் தனித்தனியே எழுத வேண்டும். மருத்துவர் கடைசியில்தான் பேச வேண்டும். முதலில் பேசினால் எல்லாத் தாளும் அவர் தாளாகிவிடும். 20 பேர் ஆனதும் இருவர் இருவராக ஒப்பிட்டுக் கணக்குப் போடுங்கள். சோர்வு உண்டு என்று இருவரும் சொன்னது 9, இல்லை என்று இருவரும் சொன்னது 6, முதலாமவர் மட்டும் உண்டு என்றது 3, இரண்டாமவர் மட்டும் உண்டு என்றது 2 என்று வையுங்கள். ஒற்றுமை 75 சதவீதம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 12 பேருக்கு உண்டு என்பவரும் 11 பேருக்கு உண்டு என்பவரும் குருட்டாம்போக்கில் எழுதினாலே 51 சதவீதம் ஒத்துப்போகும். மீதி 49-இல் அவர்கள் எட்டியது 24 (75-இல் 51 போக). 24-ஐ 49-ஆல் வகுத்தால் வருவது கப்பா மதிப்பு, தற்செயலைக் கழித்த ஒற்றுமை: 0.49, நடுத்தரம். 0.6-ஐத் தாண்டும்வரை தனியே உட்கார வைக்காதீர்கள். ஒத்துப்போன 15-ஐ விட்டுவிட்டு, பிரிந்த 5 தாள்களின் இடப்பக்கத்தை மட்டும் எடுத்து வைத்துப் பேசுங்கள்.

எம்.எஸ்ஸி. மட்டும் முடித்தவர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளர்கள் ஆக மாட்டார்கள். அவர்கள் தாளின் தலைப்பு ‘முதற்கட்ட மதிப்பீடு’ என்றே இருக்கட்டும். நோயின் பெயருக்குக் கீழே மருத்துவரின் கையெழுத்து வேண்டும்.