மோனோபிளாக்குக்கு புஷ் போடலாமா?

கேள்வி: எங்கள் கிணற்று மோனோபிளாக் மோட்டாரில் (மோட்டாரும் பம்பும் ஒரே ஷாஃப்ட்டில் இருப்பது) ஆறு மாதத்துக்குள் இரண்டு முறை பேரிங் போய்விட்டது. போர்வெல்லில் கிடக்கும் சப்மெர்சிபிளில் பால் பேரிங்கே கிடையாதாம், வெறும் புஷ்தானாம், அதாவது ஷாஃப்ட் நுழைந்து சுழலும் குண்டில்லாத குழல். அது ஏழு வருடமாக ஓடுகிறது. இதற்கும் புஷ் போட்டுவிடலாமா?
– வாசகர், பல்லடம்

பதில்: வேண்டவே வேண்டாம். தண்ணீர் நிரப்பி இறக்கும் சப்மெர்சிபிளில் ஷாஃப்ட் வேகம் பிடித்ததும் புஷ்ஷுக்கும் அதற்கும் நடுவே மெல்லிய தண்ணீர்ப் படலம் புகுந்து ஷாஃப்ட்டைத் தாங்கிக்கொள்ளும். ஓடும்போது இரண்டும் உரசுவதே இல்லை. பம்ப் தண்ணீரை மேலே தள்ளத் தள்ள, ஷாஃப்ட் கீழே அழுத்தும். அந்தப் பாரத்தை அடியில் திரஸ்ட் பேரிங்கின் கார்பன் தட்டு வாங்கிக்கொள்கிறது, அதுவும் தண்ணீர்ப் படலத்தின் தயவில்தான். மோனோபிளாக் மோட்டாருக்குள் அந்தத் தண்ணீர் ஏது? அங்கே கிரீஸில் உருளும் குண்டுகள்தான் சரி.

சரி, கழற்றிய பேரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? இருந்தால் மூடியைப் பெயர்த்துப் பாருங்கள். முப்பது வருடமாக மோட்டார் பிரிக்கிறேன், பழைய பேரிங்கைப் பார்க்காமல் புதியதை மாட்டியதில்லை. கிரீஸ் வெளுத்துப் பால்போலக் குழம்பியிருந்தாலோ, துரு ஏறியிருந்தாலோ, பம்ப் தண்ணீர் மோட்டார் பக்கம் வராமல் தடுக்கும் சீல் கசிந்து தண்ணீர் புகுந்திருக்கிறது. சீலை மாற்றாமல் எத்தனை பேரிங் போட்டாலும் இதே கதைதான்.

கிரீஸ் நன்றாக இருக்கிறது, ஆனால் குண்டு ஓடும் பாதையில் சம இடைவெளியில் சின்னச் சின்னப் பள்ளம் தெரிகிறது என்றால் அது சுத்தியல் அடி. ஷாஃப்ட்டில் ஏற்றும்போது வெளி வளையத்தில் தட்டியிருக்கிறார்கள். அடி முழுக்கக் குண்டுகள் வழியாகத்தான் இறங்கும், ஓடுவதற்கு முன்பே பேரிங் காயப்பட்டுவிடும். உள் வளையத்தில் மட்டும் உட்காருகிற பைப் துண்டை வைத்துத்தான் தட்ட வேண்டும். 6205 பேரிங் என்றால் கடைசி 05-ஐ ஐந்தால் பெருக்குங்கள், துளை 25 மில்லிமீட்டர். அதற்கென்று நான் வெட்டிய பைப் துண்டு ஒரு முனை சப்பையாகி இன்னும் என் பட்டறை மேஜையில் கிடக்கிறது.

பம்ப் பக்கத்துக்கு இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ் பேரிங் கேட்டு வாங்குங்கள். இசட்இசட் வகை பேரிங்கில் இருக்கும் தகடு தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. அப்புறம், பம்ப் சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவே ஷாஃப்ட்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்க வேண்டும், கசியும் தண்ணீரை விசிறி எறிவது அதுதான். இரண்டு முறை பிரித்ததில் அது திரும்ப ஏறியதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.