60-க்கு மூன்று வருடம் முன்னால் பொதுத்துறை வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு 57 வயது. 1993-ல் மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்தேன். இப்போது இ-7 என்ற மூத்த அதிகாரி கிரேடில் மும்பையில் இருக்கிறேன். அடிப்படைச் சம்பளம் 1,60,000 ரூபாய். சொந்த ஊர் கீழக்கரைப் பக்கம். 81 வயது அம்மா அங்கேதான் இருக்கிறார். மண்டபத்தில் மனைவி பெயரில் 2019-ல் 12 சென்ட் வாங்கிப் போட்டிருக்கிறேன். தனியார் நிறுவனம் ஒன்று மாதம் 5 லட்சம், இரண்டு வருட ஒப்பந்தம் என்று கூப்பிடுகிறது. 'அதைவிட இயக்குநர் பதவிக்கு முயற்சி செய்' என்கிறார்கள் உடன் வேலை பார்ப்பவர்கள். மச்சான் தேவிபட்டினம் பக்கம் இறால் பண்ணைக்கு 25 லட்சம் போடச் சொல்கிறார். இப்போதே ராஜினாமா செய்தால் கிராஜுவிட்டியும் பிஎஃப்பும் அடிபடுமா?

பதில்: நீங்கள் பயப்படும் இரண்டும் அடிபடாது. அடிபடப் போவது நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று: ஓய்வுக்குப் பிந்தைய மருத்துவ வசதி.

கிராஜுவிட்டியை முதலில் முடித்துவிடுவோம். அடிப்படைச் சம்பளம் 1,60,000, ஐடிஏ (பொதுத்துறையின் அகவிலைப்படி) 50 சதவீதம் என்று வைத்தால் 80,000, ஆக 2,40,000. இதை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்தால், வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் சுமார் 1,38,460 ரூபாய். 32 வருடத்துக்குக் கணக்குப் போட்டால் 44 லட்சம் வரும், ஆனால் கைக்கு வராது. உச்சவரம்பு 20 லட்சம். இன்றைய சம்பளத்தில் அந்த வரம்பைத் தொட 15 வருட சர்வீஸே போதும். ராஜினாமா செய்தாலும் இந்தப் பணம் உண்டு. ஐந்து வருடம் முடித்தவர் யாருக்கும் உண்டு. ஐடிஏ 50 சதவீதம் உயரும்போது பொதுத்துறை உச்சவரம்பு 25 சதவீதம் உயர வேண்டும் என்பது 2017 சம்பளத் திருத்தத்தில் உள்ள விதி. இன்றைய ஐடிஏ அந்த 50 சதவீதத்தை ஒட்டியே இருப்பதால், கடிதம் கொடுப்பதற்கு முன் உங்கள் நிறுவனத்தில் இதற்குச் சுற்றறிக்கை வந்துவிட்டதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து லட்ச ரூபாய் வித்தியாசம்.

இனி மருத்துவம். பொதுத்துறை நிறுவனங்கள் துறையின் 2017 ஆகஸ்ட் 3 தேதியிட்ட உத்தரவு இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பிரித்தது. நிறுவனத்தின் ஓய்வூதியத் திட்டத்தைப் பெற, பணி ஓய்வு பெற்றிருக்க வேண்டும், 15 வருடம் முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டது. ஆனால் ஓய்வுக்குப் பிந்தைய மருத்துவத்துக்கு அந்த இரண்டு நிபந்தனையையும் அப்படியே வைத்துக்கொண்டது. இயக்குநர் நிலைக்குக் கீழே உள்ள அதிகாரி 15 வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் மட்டும் போதாது. வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவராகவும் இருக்க வேண்டும். 57-ல் ராஜினாமா செய்தவர் 32 வருடம் உழைத்திருந்தாலும் அந்தக் கணக்கில் வரமாட்டார். சில நிறுவனங்களின் பணி விதிகளில் விருப்ப ஓய்வு என்று தனிப் பிரிவு இருக்கும். அதில் போனால் மருத்துவ அட்டை கிடைக்க வழி இருக்கலாம். அதனால் 'ராஜினாமா' என்ற சொல்லைக் கடிதத்தில் எழுதும் முன், உங்கள் நிறுவன மருத்துவத் திட்டக் கையேட்டில் 'தகுதி' என்ற பத்தியை வரிவரியாகப் படியுங்கள். மனிதவளத் துறை நண்பர் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பி இறங்காதீர்கள். மின்னஞ்சலில் கேட்டு, மின்னஞ்சலிலேயே பதில் வாங்குங்கள்.

இது உங்களுக்கு ஏன் மற்றவர்களைவிடப் பெரிய விஷயம்? ஓய்வுக்குப் பின் மண்டபத்தில் குடியேறப் போகிறீர்கள். ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, நல்லதுதான். இருந்தாலும் இதயம், சிறுநீரகம் என்றால் இன்றும் வண்டி மதுரைக்குத்தான் போகிறது. அங்கே பணம் கட்டாமல் அட்டையைக் காட்டிச் சேர்வதற்கும், 57 வயதில் புதிதாக எடுத்த பாலிசியோடு போய் நிற்பதற்கும் நிறைய வித்தியாசம். புதுப் பாலிசியில் ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் போடலாம். அதாவது நீங்கள் 60-ஐத் தொடும் வரை அந்த பாலிசி பாதிதான் கை கொடுக்கும்.

சரி, அந்த 5 லட்சம் எவ்வளவு பெரிது என்று பார்ப்போம். இப்போது உங்களுக்கு அடிப்படை, ஐடிஏ, 35 சதவீதப் படிகள் (56,000) எல்லாம் சேர்த்து மாதம் 3 லட்சத்தை ஒட்டி வரும். நிறுவனம் போடும் பிஎஃப் 28,800, ஓய்வூதிய நிதிக்கு சுமார் 20,000 என்று சேர்த்தால் 3.5 லட்சம். செயல்திறன் ஊக்கத்தொகையை நான் சேர்க்கவே இல்லை. மீதமுள்ள 36 மாதத்துக்கு இது 1 கோடியே 26 லட்சம். அவர்கள் தருவது 24 மாதத்துக்கு 1 கோடியே 20 லட்சம். வருடா வருடம் வரும் 3 சதவீத இன்கிரிமென்டையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும் ஐடிஏவையும் சேர்க்காமலேயே இந்தக் கணக்கு.

வரி போன பிறகு படம் இன்னும் மாறும். அவர்கள் உங்களைச் சம்பளக்காரராக எடுத்தால், 2025-26 புதிய வரி முறையில் 60 லட்சத்துக்குக் கூடுதல் வரி உட்பட வருடம் சுமார் 15.5 லட்சம் போகும். இரண்டு வருடத்தில் கையில் நிற்பது 89 லட்சம். இருக்கும் இடத்திலேயே இருந்தால் வரி வருடம் 6.6 லட்சம் அளவில்தான். பிஎஃப், ஓய்வூதிய நிதி உட்பட மூன்று வருடத்தில் நிற்பது 1 கோடியே 6 லட்சம். அதனால் சம்பளம் என்ற பெயரில் அந்த வேலை கட்டுப்படியாகாது.

ஆலோசகர் ஒப்பந்தம் என்றால் கதை வேறு. பொறியியல், தொழில்நுட்ப ஆலோசனைக்கு அனுமான வருமான முறை உண்டு: ரொக்கமாக வாங்குவது 5 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் 75 லட்சம் வரையிலான வரவில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டலாம். 60 லட்சத்தில் 30 லட்சத்துக்கு வரி சுமார் 5 லட்சம். இரண்டு வருடத்தில் 1 கோடியே 10 லட்சம் நிற்கும். இதைச் சொல்லாமல் விட்டால் நான் ஒருபக்கமாகப் பேசியதாகும். ஆனால் வரவு 20 லட்சத்தைத் தாண்டுவதால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், 18 சதவீதம் தனியாக பில்லில் போட வேண்டும். '5 லட்சம்' என்பது ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று முதல் நாளே கேளுங்கள். சேர்த்து என்றால் உங்களுக்கு வருவது 4.24 லட்சம்தான். முன்கூட்டி வரியை மார்ச் 15-க்குள் மொத்தமாகக் கட்ட வேண்டும். இன்னொரு கண்ணி: ஒப்பந்தத்தில் காலை 9 முதல் மாலை 6, வருடத்துக்கு 18 நாள் விடுப்பு, மேலதிகாரி இன்னார் என்றெல்லாம் எழுதியிருந்தால், பெயர் ஆலோசகராக இருந்தாலும் இது சம்பளம்தானே என்று வரித்துறை கேட்கும். பதில் சொல்வது கடினம்.

ஆக, ஆலோசகராகப் போனால் இரண்டும் கிட்டத்தட்ட சமம், சம்பளக்காரராகப் போனால் நஷ்டம். சமமாக இருக்கும்போது மருத்துவ அட்டையை விட்டுக்கொடுக்க எந்தக் காரணமும் இல்லை. அவர்களிடம் 60-க்குப் பிறகு ஆலோசகராக வருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் 32 வருட அனுபவம் மூன்று வருடத்தில் புளித்துவிடாது.

இயக்குநர் பதவி பற்றி. பொதுத்துறை நிறுவனத் தேர்வு வாரியத்துக்கு உள்ளிருந்து விண்ணப்பிப்பவருக்கு, பதவி காலியாகும் தேதியில் குறைந்தது இரண்டு வருட சர்வீஸ் மிச்சம் இருக்க வேண்டும். வேறு நிறுவனப் பதவி என்றால் மூன்று வருடம். அதனால் உங்களுக்கு 58 முடிவதற்குள் உங்கள் நிறுவனத்திலேயே ஓர் இடம் காலியானால்தான் வாய்ப்பு. நேர்காணல், விஜிலென்ஸ் (ஊழல் கண்காணிப்புப் பிரிவு) ஒப்புதல், அமைச்சகம், அமைச்சரவை நியமனக் குழு என்று கோப்பு நகர மாதங்கள் ஆகும். பொதுத்துறை நிறுவனங்களின் தரவரிசையில் மேலே உள்ள 'ஏ' பட்டியல் நிறுவனத்தில் இயக்குநர் சம்பள விகிதம் 1,80,000-ல் தொடங்குகிறது. இ-7 உச்சம் 2,60,000. பணத்துக்காகப் போகும் இடம் இல்லை அது. கௌரவத்துக்காகப் போகலாம், தவறில்லை. ஒன்று மட்டும்: இயக்குநராக ஓய்வு பெற்றால், உங்கள் நிறுவனத்தோடு வியாபாரத் தொடர்புள்ள எந்த கம்பெனியிலும் ஒரு வருடத்துக்கு அரசின் முன் அனுமதி இல்லாமல் பதவி ஏற்க முடியாது. மேலே சொன்ன ஆலோசகர் வேலை அந்தத் துறையிலேயே என்றால், அந்த நாற்காலி இந்த வாசலை அடைத்துவிடும்.

எடுக்காமல் சேர்த்த விடுப்புக்கு ஓய்வின்போது தரும் பணத்தில் பலர் ஏமாறுகிறார்கள். மத்திய, மாநில அரசு ஊழியருக்கு இது முழுக்க வரி இல்லாதது. பொதுத்துறை ஊழியர் அந்த வகையில் வரமாட்டார். உங்களுக்கு வரம்பு 25 லட்சம், 2023 ஏப்ரல் முதல். அதுவும் வாழ்நாள் முழுமைக்கும் சேர்த்து. 300 நாள் சேர்ந்திருந்தால் இன்று 24 லட்சம், முழுதும் வரியில்லை. 60-ல் அடிப்படை 1,74,800 அளவுக்கு ஏறும். அப்போது 26 லட்சத்தைத் தாண்டும், தாண்டிய பகுதிக்கு மட்டும் வரி. இடையில் காசுக்காக விடுப்பை விற்காதீர்கள், பணியில் இருக்கும்போது விற்றால் ஒவ்வொரு ரூபாய்க்கும் வரி உண்டு. ராஜினாமா செய்பவருக்கு அரைச் சம்பள விடுப்புக்குப் பணம் தருவார்களா என்பது நிறுவன விதியைப் பொறுத்தது.

பிஎஃப்பில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வேலையை விட்ட பிறகு கணக்கில் சேரும் வட்டிக்கு வரி உண்டு. அதை வரியில்லாத வட்டி என்று நினைத்து வருடக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். பிஎஃப்போடு சேர்ந்து வரும் இபிஎஸ் (ஊழியர் ஓய்வூதியத் திட்டம்) ஓய்வூதியம் வேறு. முழுச் சம்பளத்தில் கணக்கிடும் உயர் ஓய்வூதியத்துக்கு விருப்பம் கொடுக்காதவராக இருந்தால், 2014 ஆகஸ்ட் வரையிலான சர்வீஸுக்கு 6,500 ரூபாயும் அதற்குப் பிறகு 15,000 ரூபாயும் அடிப்படையாக எடுப்பார்கள். மாதம் 5,000 ரூபாயை ஒட்டித்தான் வரும். சின்னத் தொகைதான், ஆனால் 58 முடிந்ததும் வேலையில் இருக்கும்போதே 10-டி என்ற ஓய்வூதிய விண்ணப்பப் படிவம் கொடுத்து வாங்கலாம். இல்லை, 60 வரை தள்ளிவைத்தால் வருடத்துக்கு 4 சதவீதம் கூடும். எதுவும் செய்யாமல் மறந்துபோவதுதான் தவறு.

நான் சொல்வது எல்லாம் மத்திய பொதுத்துறைக்கு. வாலிநோக்கத்தில் உப்பளம் நடத்தும் தமிழ்நாடு உப்புக் கழகம் போன்ற மாநில அரசு நிறுவனத்தில் இருக்கும் உறவினருக்கு இந்தக் கணக்கை அப்படியே காட்டிவிடாதீர்கள். அங்கே விதிகள் வேறு.

மச்சானின் இறால் பண்ணை விஷயம். பணியில் இருக்கும் வரை முன் அனுமதி இல்லாமல் தொழிலில் கூட்டுச் சேர்வதை உங்கள் நடத்தை விதிகள் அனுமதிக்காது. அதனால் இப்போதைக்கு 'விதி விடாது' என்று சொல்லிவிடலாம், குடும்பத்தில் மனத்தாங்கலும் வராது. 60-க்குப் பிறகும் கூட்டாளியாகச் சேராதீர்கள். கூட்டு நிறுவனத்தின் கடனுக்கு உங்கள் சொந்தச் சொத்தும் பிணை. வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் நான்கு மாத வளர்ப்பு நான்கு நாளில் போய்விடும். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் பதிவுச் சான்று யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதி வரை செல்லும் என்று பார்த்துவிட்டு, திரும்பி வராவிட்டாலும் உறவு கெடாத ஒரு தொகையைக் கைமாற்றாகக் கொடுங்கள். அது 25 லட்சமாக இருக்காது என்பது என் எண்ணம். 60-ல் வரும் பணத்தில் 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். கச்சான் காற்று அடித்தாலும் வாடைக் காற்று அடித்தாலும் அது வரும்.

மண்டபத்து 12 சென்ட் எனக்கு அதிகம் உறுத்துகிறது. 2019-ல் வாங்கியபோது நிறுவனத்துக்குத் தெரிவித்தீர்களா? வருடாந்தர சொத்து அறிக்கையில் இருக்கிறதா? மனைவி பெயரில் என்றாலும் உங்கள் பணத்தில் வாங்கியது என்றால் சொல்லியிருக்க வேண்டும். ஓய்வு பெறும்போது விஜிலென்ஸ் ஒப்புதலுக்குக் கோப்பு போகும். விடுபட்ட சொத்து அப்போது வெளியே வந்தால் கிராஜுவிட்டி வரை நிற்கும். விடுபட்டிருந்தால், பத்திர நகலையும் பணம் போன வங்கி அறிக்கையையும் இணைத்து இந்த வருட அறிக்கையிலேயே சேர்த்து, தாமதத்துக்கு விளக்கக் கடிதம் கொடுங்கள். வீடு கட்டுவதற்கு முன், மனை உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் வருகிறதா என்று கடலோர மண்டல வரைபடத்தில் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக அம்மா. இப்போது உங்களைச் சார்ந்தவராக நிறுவன மருத்துவத்தில் அவர் பெயர் இருக்கும். ஓய்வுக்குப் பிந்தைய திட்டம் பெரும்பாலும் உங்களுக்கும் மனைவிக்கும் மட்டும். 60-ல் முறைப்படி ஓய்வு பெற்றாலும் அன்றோடு அவர் பெயர் விழுந்துவிடும். கண்புரை, மூட்டு என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும் சிகிச்சை ஏதாவது இருந்தால், இந்த மூன்று வருடத்துக்குள் மதுரையில் உங்கள் நிறுவனப் பட்டியலில் உள்ள மருத்துவமனையில் முடித்துவிடுங்கள்.