பின்னம் வரும் சமன்பாடுகளைக் குழப்பமில்லாமல் போடுவது எப்படி?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் சாதாரணச் சமன்பாடுகளைப் போட்டுவிடுகிறாள். பின்னம் வந்தால் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறாள். எளிய வழி உண்டா?

உண்டு. பின்னத்தோடு கடைசி வரை மல்லுக்கட்டாமல் முதல் வரியிலேயே அதைத் துரத்திவிடச் சொல்லுங்கள். கீழே இருக்கும் பகுதிகளுக்கு எல்.சி.எம்., அதாவது மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடித்து, ஒவ்வொரு உறுப்பையும் அதால் பெருக்கினால் போதும். மிச்சம் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த கணக்குதான்.

நான் தண்டையார்பேட்டையில் டியூஷன் எடுக்கிறேன். மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டிலிருந்து பிள்ளைகள் நிறைய வருவதால் முதலில் இதைத்தான் கொடுப்பேன்: மீன் விற்ற பணத்தில் மூன்றில் ஒரு பங்கு டீசலுக்கும் கால் பங்கு ஐஸுக்கும் போனது, கையில் நின்றது 5,000 ரூபாய். மொத்தம் எவ்வளவு? (நிஜத்தில் பங்கு இவ்வளவு சுத்தமாகப் பிரியாது என்று எவனாவது சண்டைக்கு வருவான். வரட்டும்.)

மொத்தம் ப என்றால்:

ப − ப/3 − ப/4 = 5000

3, 4 இரண்டுக்கும் எல்.சி.எம். 12. எல்லாவற்றையும் 12-ஆல் பெருக்கினால்:

12ப − 4ப − 3ப = 60000

5ப = 60000, ப = 12,000. டீசல் 4,000, ஐஸ் 3,000, மீதி 5,000. சரி.

பாதிப் பேர் வலப்பக்கத்து 5000-ஐப் பெருக்காமல் விட்டுவிடுவார்கள். அதில் பின்னம் இல்லையே என்ற நினைப்பு. அப்போது ப = 1,000 என்று வரும். ஆயிரம் ரூபாய்க்கு மீன் விற்று, செலவு போக ஐயாயிரம் மிஞ்சியதா என்று கேட்டால் அவர்களே சிரித்துவிட்டு அழிப்பார்கள். வெறும் எண்ணாக இருந்தால் இந்தப் பிழை கண்ணில் படாது; அதனால்தான் பணக் கணக்கில் தொடங்குவது.

நம் பழைய தமிழ்ப் பின்னங்களின் அமைப்பிலும் இந்த வசதி உண்டு. முந்திரி 1/320, காணி 1/80, மா 1/20. எல்லாவற்றையும் முந்திரியாக்கினால் காணிக்கு 4, மாவுக்கு 16, காலுக்கு 80 என்று முழு எண்களாகிவிடும்.

அடுத்த பள்ளம் கழித்தல் குறி. மார்க் அதிகம் போவது இங்கேதான்.

(ப + 1)/2 − (ப − 2)/3 = 4

6-ஆல் பெருக்கியதும் 3(ப + 1) − 2(ப − 2) = 24 என்று அடைப்புக்குறியோடு ஒரு வரி கட்டாயம் எழுத வேண்டும். பின்னக் கோடு இருந்தவரை மேலே இருந்த இரண்டையும் அதுவே சேர்த்துப் பிடித்திருந்தது. கோடு போனபின் அந்த வேலையை அடைப்புக்குறிதான் செய்ய வேண்டும். விரித்தால் 3ப + 3 − 2ப + 4 = 24, ப = 17. அந்த வரியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள் +4-க்குப் பதில் −4 போட்டு 25-ல் போய் நிற்பார்கள். 17-ஐப் போட்டுப் பாருங்கள்: 9 − 5 = 4.

‘கிராஸ் மல்டிப்ளை’ (இந்தப் பக்கத்துப் பகுதியால் அந்தப் பக்கத்துப் பின்னத்தின் மேலே இருப்பதையும், அதேபோல் அங்கிருந்து இங்கேயும் பெருக்குவது) பண்ணலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். இந்தப் பக்கம் ஒரே பின்னம், அந்தப் பக்கம் ஒரே பின்னம் என்றால் தாராளமாக. ப/2 + 1 = ப/3 என்பதில் அதைச் செய்து 3ப + 1 = 2ப என்று எழுதினால் தப்பு; நடுவில் நிற்கும் 1-ம் 6 ஆக வேண்டும். எனக்கு இந்தக் குறுக்கு வழி மேல் பெரிய மரியாதை இல்லை. எல்.சி.எம். எல்லா இடத்திலும் வேலை செய்யும்போது இது எதற்கு?

அப்புறம், ‘சுருக்குக’ என்று கேட்டால் இந்த முறை கூடாது. சமக் குறி இல்லாத கோவையை 12-ஆல் பெருக்கினால் அதன் மதிப்பே மாறிவிடும். அங்கே பகுதி கடைசி வரை கூடவே வரும்.

மேல் வகுப்பில் மாறி, அதாவது ப போன்ற எழுத்து, பின்னத்தின் கீழேயும் வரும். ப/(ப − 3) = 2 + 3/(ப − 3) என்று எடுத்துக்கொள்ளுங்கள். (ப − 3)-ஆல் பெருக்கினால் ப = 2ப − 6 + 3, அதாவது ப = 3. ஆனால் 3-ஐப் போட்டால் பகுதி பூஜ்யமாகிவிடுகிறது. பூஜ்யத்தால் வகுக்க முடியாது. ஆகவே இந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வே இல்லை. விடைத்தாளிலும் அப்படியே எழுத வேண்டியதுதான்.